சுட மறுத்தவன் சிறையில்!

"சுடு!" என்றான் அதிகாரி.

"மாட்டோம்!" என்றனர் சிப்பாய்கள்.

இரண்டெழுத்தில் ஓர் ஆணை. நான்கெழுத்தில் ஒரு மறுமொழி. அந்த நான்கெழுத்துக்கு விலை என்ன தெரியுமா, தோழர்களே? ஒருவருக்கு ஆயுள் தண்டனை. இன்னொருவருக்கு 15 ஆண்டு. மேலும் 15 பேருக்கு 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை கடுங்காவல். இடம் பெஷாவர். ஆண்டு 1930.

அவர்கள் கொள்ளையடித்தனரா? இல்லை. எதிரியிடம் காசு வாங்கிக்கொண்டு கோட்டைக் கதவைத் திறந்துவிட்டனரா? இல்லை. கொலை செய்தனரா? அதுவும் இல்லை. கொலை செய்ய மறுத்தனர்! அதுதான் குற்றம். அதற்குத்தான் விசாரணை, தீர்ப்பு, விலங்கு, சிறை.

விந்தையாக இருக்கிறதல்லவா? ஊரில் ஒருவன் கொலை செய்தால் சட்டம் அவனைத் தேடுகிறது. பட்டாளத்தில் ஒருவன் கொல்ல மறுத்தால் சட்டம் அவனைத் தேடுகிறது. இந்த விந்தையின் வரலாற்றைத்தான் நாம் இங்கே சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். படை என்றால் கட்டுப்பாடு வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. பகைவன் எல்லையிலே வந்து நிற்கும் வேளையில், 'முன்னேறலாமா, வேண்டாமா' என்று சிப்பாய்கள் வட்டமாக உட்கார்ந்து வாக்கெடுத்துக் கொண்டிருக்க முடியாது. ஒருவன் தவறினால் பக்கத்தில் நிற்பவன் உயிர் போகும். ஆகவேதான் எல்லா நாட்டுப் படைச் சட்டங்களும் கீழ்ப்படியாமையைப் பெருங்குற்றமாக வைத்திருக்கின்றன. தனி ஒருவன் ஆணையை மறுத்தால் 'கீழ்ப்படியாமை'. பலர் கூடி மறுத்தால் 'கலகம்'. முன்னதற்குச் சிறை; பின்னதற்கு மரணம் வரை செல்லலாம்.

இது புரிகிறது. ஆனால் ஆணையே குற்றமாக இருந்தால்? கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

தொலைவிலே போகுமுன், நம் வேலூர்க் கோட்டையை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். 1806-ஆம் ஆண்டு. கம்பெனிச் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை வந்தது. நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழித்துவிட வேண்டும் என்ற ஆணைகளும் வந்தன. அந்தக் குறிகளிலே நமக்கு எந்தப் பற்றும் இல்லை. அது வேறு வழக்கு. ஆனால் அவற்றைக் களையும் அறிவு ஒருவனுக்கு உள்ளிருந்து வரவேண்டும். பிறன் கையிலுள்ள சவுக்கின் நுனியிலிருந்து வரக் கூடாது. மே மாதத்தில் சில சிப்பாய்கள் தலைப்பாகையை அணிய மறுத்தனர். அவர்களைச் சென்னைக்குக் கொண்டு சென்று இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினர். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடியும் பணிநீக்கமும். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தப்பினர். இரண்டே திங்களில், ஜூலை 10 அன்று, வேலூர் வெடித்தது. கோட்டையில் குருதி ஆறாக ஓடிய பிறகு கம்பெனி என்ன செய்தது? தலைப்பாகை ஆணையைத் திரும்பப் பெற்றது! கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

ஆணை திரும்பப் பெறப்பட்டது. முதுகிலே விழுந்த கசையடியை யார் திரும்பப் பெறுவது? தவறான ஆணை பிறப்பித்தவன் கப்பலேறி ஊர் போய்ச் சேர்கிறான். அதை மறுத்தவனோ தழும்போடு வீடு போய்ச் சேர்கிறான். இந்தக் காட்சியை நினைவில் வையுங்கள். வரலாறு இதை மீண்டும் மீண்டும் நடத்திக் காட்டும்.

1919, ஏப்ரல் 13. அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். நான்கு புறமும் சுவர். வெளியேறக் குறுகிய சந்துகள். உள்ளே நிராயுதபாணிகளான மக்கள். ஜெனரல் டயர் 50 துப்பாக்கிச் சிப்பாய்களுடன் வந்தான். கலைந்து போகும்படி ஓர் எச்சரிக்கை கூட இல்லை. "சுடு!" என்றான். சுட்டனர். கூட்டம் எங்கே அடர்த்தியோ அங்கே குறி வைத்துச் சுட்டனர். ஏறத்தாழ 10 நிமிடம், 1,650 தோட்டாக்கள். அரசு ஒப்புக்கொண்ட கணக்கே 379 பிணங்கள். சுட்டவர்கள் வெள்ளையர் அல்லர், தோழர்களே. கூர்க்கர்களும் இந்தியரும்தான். ஆணை வந்தது, விரல் அசைந்தது, உயிர் போயிற்று.

அவர்களில் ஒருவன் கூட வழக்கு மன்றத்தில் நிறுத்தப்படவில்லை. கீழ்ப்படிந்தார்கள் அல்லவா! ஆணையிட்ட டயர்? ஹண்டர் குழு விசாரித்தது. கவச வண்டிகள் உள்ளே நுழையச் சந்து இடம் கொடுத்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருள்பட அந்தக் குழுவின் முன்னேயே சொன்னான் அவன். பதவி போயிற்று; அவ்வளவுதான். குற்ற வழக்கு இல்லை, கூண்டு இல்லை, சிறை இல்லை. இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை அவன் பக்கம் பரிந்து பேசியது. 'மார்னிங் போஸ்ட்' ஏடு நிதி திரட்டி 26,000 பவுனுக்கு மேல் குவித்துக் கொடுத்தது.

சுட்டவனுக்கு இது. சுட மறுத்தவனுக்கு? பதினொரு ஆண்டு கழித்துப் பெஷாவர் விடை சொல்லிற்று.

1930, ஏப்ரல் 23. உப்புச் சட்ட மறுப்பு நாடெங்கும் பரவியிருந்த நேரம். வடமேற்கு எல்லை மாகாணத்திலே கான் அப்துல் கபார் கானும் மற்றத் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். பெஷாவர் நகரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் மக்கள் திரண்டனர். கூட்டத்திற்குள் கவச வண்டிகள் பாய்ந்தன. துப்பாக்கிகள் முழங்கின. சர்க்கார் சொன்ன கணக்கு சில பத்துகள். மக்கள் சொன்ன கணக்கு சில நூறுகள்.

அங்கேதான் நிறுத்தப்பட்டிருந்தது ராயல் கார்வால் ரைபிள்ஸ் படையின் இரண்டாம் பட்டாலியன். கார்வால், இமயமலைச் சாரலிலுள்ள வறண்ட மலைநாடு. இப்போது உத்தரகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. விளைச்சல் குறைவு, ஆகவே இளைஞர்களுக்குப் பட்டாளமே பிழைப்பு. முதல் உலகப் போரில் பிரான்சின் பனியிலும் சேற்றிலும் நின்று ஆங்கிலேயனுக்காகச் செத்தவர்கள் அவர்கள். அந்த நன்றிக்காகத்தான் 'ராயல்' என்ற பட்டமே அந்தப் படைக்குக் கிடைத்தது. அந்தப் போரில் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் போரிட்டவர்தான் ஹவில்தார் சந்திரசிங் கார்வாலி. கோழையல்லர், குண்டுக்கு அஞ்சுபவரல்லர், ஆணை என்றால் என்ன என்று அறியாத புதியவரும் அல்லர்.

ஆங்கில அதிகாரிகள் போட்ட கணக்கு எளிது. கூட்டத்திலே நிற்பவர்கள் பட்டாணியர், முஸ்லிம்கள். கார்வாலிகள் இந்துக்கள். இந்துவின் கையில் துப்பாக்கியைக் கொடு, முஸ்லிமின் மார்பைக் காட்டு. விசை தானாக அழுந்தும்! நூறாண்டுக்கு மேலாக அவர்களுக்குப் பலித்து வந்த கணக்கு அது.

அன்று பலிக்கவில்லை. எதிரே நிற்பவன் தொழுவது எந்தத் திசை நோக்கி என்று அந்த மலைநாட்டுச் சிப்பாய்கள் பார்க்கவில்லை. அவன் கையில் ஆயுதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. ஆயுதமில்லாதவனைச் சுட நாங்கள் பட்டாளத்தில் சேரவில்லை. நாட்டின் பகைவனோடு போரிடச் சேர்ந்தோம் என்பதே அவர்கள் நிலை. துப்பாக்கிகள் தாழ்ந்தன. மறுநாள் மீண்டும் நகருக்குள் செல்லும்படி ஆணை வந்தபோது, இரண்டு பிளாட்டூன்கள் அசைய மறுத்தன. சில நாட்கள் பெஷாவர் நகரம் சர்க்காரின் பிடியிலிருந்தே நழுவி, மக்கள் கையில் இருந்தது. பீரங்கி கொடுக்காத வலிமையை, சுடாத துப்பாக்கி கொடுத்தது!

ஏகாதிபத்தியம் நடுங்கியது. கூட்டம் கூச்சலிட்டால் அது அஞ்சுவதில்லை, சிறை இருக்கிறது. தலைவர்கள் பேசினால் அஞ்சுவதில்லை, தடையுத்தரவு இருக்கிறது. ஆனால் சிப்பாய் சிந்தித்தால்? அதற்கு மருந்து ஒன்றுதான்: கடுந்தண்டனை. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அபோட்டாபாத் பக்கம் கொண்டு செல்லப்பட்டனர். இராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றச்சாட்டு, கலகம், அன்றைய படைச் சட்டப்படி உயிரையே பறிக்கத்தக்கது. பாரிஸ்டர் முகண்டி லால் அவர்களுக்காக வாதாடினார். தூக்குக் கயிறு தவிர்ந்தது. நாம் தொடக்கத்தில் சொன்ன தண்டனைகள் விழுந்தன. சந்திரசிங்குக்கு ஆயுள். அவர் சொத்தும் பறிமுதல்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த நீதிமன்றம் கேட்ட கேள்வி என்ன? 'ஆணை பிறந்ததா? மறுத்தாயா?' இவ்வளவுதான். 'ஆணை நேர்மையானதா? சுட்டிருந்தால் எத்தனை தாய்மார் பிள்ளையை இழந்திருப்பர்?' இந்தக் கேள்விகளுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.

சரி, வெள்ளையன் தண்டித்தான். அவன் நாற்காலியை அவன் காப்பாற்றிக் கொண்டான். நம்மவர் என்ன செய்தனர்? இங்கே சற்றுக் கசப்பான ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. 1931 மார்ச் 5 அன்று காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்ட மறுப்பில் சிறை சென்ற பல்லாயிரவர் விடுதலை பெற்றனர். வரவேற்பு, மாலை, ஊர்வலம். ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது: ஆணையை மீறிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களுக்கும் போலீசாருக்கும் இந்த விடுதலை கிடையாது! சட்டத்தை மீறிய மக்கள் வெளியே. அந்த மக்களைச் சுட மறுத்தவர்கள் உள்ளே!

இது பற்றிக் காந்தியாரிடமே ஒரு பிரெஞ்சு நிருபர் கேட்டார். 1932-ல் அந்தப் பேட்டி வெளிவந்தது. சுட மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை முறிக்கிறான், அது குற்றம், நாளை நான் ஆட்சிக்கு வந்தால் இதே அதிகாரிகளையும் சிப்பாய்களையும் கொண்டுதான் ஆளவேண்டியிருக்கும், இன்று மறுக்கக் கற்றுக் கொடுத்தால் நாளை எனக்கும் மறுப்பார்கள் என்பது அவர் விடையின் சாரம். அகிம்சையைப் போதித்தவரின் வாயிலிருந்து வந்த விடை இது! அவரை இழித்துரைக்க இதை எடுத்துக் காட்டவில்லை. அவர் ஒளிக்காமல் பேசினார். அந்த நேர்மையை மதிக்கிறோம். ஆனால் அந்த விடையிலே ஓர் உண்மை தன்னையறியாமல் வெளிப்பட்டிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்தவனும், நாளை அமரப் போகிறவனும், சிப்பாய் விஷயத்தில் ஒரே மொழி பேசுகிறார்கள். இருவருக்கும் வேண்டியது கை; தலை அல்ல.

சந்திரசிங் 1941-ல் விடுதலையானார். பதினொரு ஆண்டு! அப்போதும் சொந்த மண்ணான கார்வாலில் கால் வைக்கத் தடை. பின்னர் அவர் பொதுவுடைமை இயக்கத்தில் உழைத்து, 1979-ல் மறைந்தார். 1994-ல் இந்திய அரசு அவர் உருவத்தைப் பொறித்து அஞ்சல் தலை வெளியிட்டது. வேலூர்க் கதைதான் மீண்டும், தோழர்களே! ஆணை தவறென்று நாடே ஒப்புக்கொண்டது. ஆனால் பதினொரு ஆண்டைத் திருப்பித் தரும் அஞ்சல் தலை இன்னும் அச்சாகவில்லை.

இனி, காட்சி மாறுகிறது. ஜெர்மனி, நூரெம்பர்க் நகரம். ஹிட்லர் ஒழிந்தான், அவன் படைத்தலைவர்கள் கூண்டிலே. நான்கு வல்லரசுகளின் நீதிபதிகள் மேடையிலே. தலைமை நீதிபதி யார்? ஆங்கிலேயர்தான், ஜெஃப்ரி லாரன்ஸ். குற்றவாளிக் கூண்டில் நின்ற தளபதிகள் கெய்ட்டலும் யோடலும் சொன்ன வாதம் என்ன? 'நாங்கள் படைவீரர்கள், மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிந்தோம்' என்பதுதான். அந்த நீதிமன்றத்தை அமைத்த சாசனத்தின் எட்டாம் பிரிவு அதற்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்திருந்தது: ஆணை இருந்தது என்பதால் பொறுப்பு நீங்காது, வேண்டுமானால் தண்டனையைக் குறைக்க அதைக் கருதலாம். குறைக்கவும் இல்லை. 1946 அக்டோபர் 16 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

நூரெம்பர்க் தீர்ப்பு தவறென்று நாம் சொல்லவில்லை. மிகச் சரி என்றே சொல்கிறோம். ஆனால் நம் நெஞ்சிலே ஒரு கேள்வி முள்ளாகத் தைக்கிறது. ஆணை என்று சொல்லிக் கொன்றவனுக்கு அங்கே தூக்கு; ஆணையை மறுத்துக் கொல்லாதிருந்தவனுக்கு இங்கே சிறை. ஒரே ஏகாதிபத்தியம், பதினாறே ஆண்டு இடைவெளி, இரண்டு நீதி! தோற்றவன் கீழ்ப்படிந்தால் குற்றவாளி. வென்றவனின் சிப்பாய் கீழ்ப்படியாவிட்டால் குற்றவாளி!

'மறுத்திருந்தால் எங்களையே சுட்டிருப்பார்கள்' என்று ஜெர்மன் சிப்பாய்கள் பலர் பின்னாளில் சொன்னார்கள். வரலாற்று ஆசிரியர்கள் அதைத் துருவிப் பார்த்தனர். நிராயுதபாணி மக்களைச் சுட மறுத்ததற்காக ஒரு ஜெர்மன் வீரன் கொல்லப்பட்டான் என்பதற்கு ஒரு சான்றையும் போருக்குப் பிந்திய விசாரணைகளில் எந்த வழக்கறிஞராலும் காட்ட முடியவில்லை. 1942 ஜூலையில், போலந்தின் யோசெஃபுவ் என்ற ஊரில், யூதர்களைக் கொல்லுமுன் ஒரு காவற்படைப் பட்டாலியனின் தலைவன், விருப்பமில்லாத மூத்தவர்கள் விலகலாம் என்று சொன்னான். ஏறத்தாழ 500 பேரில் ஒரு டஜன் பேர் அளவுக்கே உடனே விலகினர். அவர்களுக்கு எதுவும் நேரவில்லை. நாஜி ஆட்சிக்கு இரக்கம் இருந்தது என்று இதற்குப் பொருள் அல்ல; படையை விட்டு ஓடியவர்களை ஆயிரக்கணக்கில் கொன்ற ஆட்சி அது. பொருள் இதுதான்: பல வேளைகளில் விலங்கு கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. 'பெரியவர் சொன்னார், செய்தேன்' என்று சிறு வயது முதல் பழகிய மூளையில் இருக்கிறது.

அந்த ஜெர்மனி பாடம் கற்றது. 1956-ல் மேற்கு ஜெர்மனி இயற்றிய படைவீரர் சட்டத்தில், மனித மாண்பைக் குலைக்கும் ஆணையைச் செய்யாதிருப்பது கீழ்ப்படியாமை ஆகாது என்று எழுதியது. அது மட்டுமா? குற்றம் நிகழ்த்தும் ஆணைக்குக் கீழ்ப்படியவே கூடாது என்றும் எழுதியது. தீயிலே வெந்த நாடு தீயைப் பற்றித் தெளிவாக எழுதுகிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவைப் பாருங்கள். மேலதிகாரி நேரில் இட்ட ஆணையை வேண்டுமென்றே அலட்சியம் செய்து மீறினால் 14 ஆண்டு வரை சிறை. மற்ற வகையான மீறல், போர்ப் பணியில் என்றால் 14 ஆண்டு வரை. அமைதிக் காலத்தில் 5 ஆண்டு வரை. கலகத்துக்கு 37-ஆம் பிரிவின்படி மரணமும் விதிக்கலாம். ஆனால் 41-ஆம் பிரிவிலே ஒரு சொல் இருக்கிறது, தோழர்களே, சிறிய சொல். 'சட்டப்படியான' ஆணை! எந்த ஆணையும் அல்ல. சட்டப்படியான ஆணையை மீறினால்தான் குற்றம். குற்ற இயல் சட்டமும் அதே வழியில்தான் நிற்கிறது. மேலதிகாரியின் ஆணைப்படி, சட்டத்தின் கட்டளைக்கு இணங்கக் கூட்டத்தை நோக்கிச் சுடும் சிப்பாய் குற்றமற்றவன் என்று 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் உதாரணம் காட்டியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த உதாரணம் தொடர்கிறது. ஆணை இருந்தது என்பது மட்டும் போதாது. அது சட்டத்துக்கு இணங்கியதாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் உட்பொருள்.

ஆகவே கதவு இருக்கிறது. ஆனால் எவ்வளவு குறுகிய கதவு! ஆணை சட்டப்படியானதா என்று யார் முடிவு செய்வது? சிப்பாய் ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். எதிரே கூட்டம், பின்னே அதிகாரி, கையில் துப்பாக்கி. அவன் முடிவு சரியா தவறா என்பதைப் பல திங்கள் கழித்து, மேசையைச் சுற்றி அமர்ந்து ஐந்து அதிகாரிகளுக்குக் குறையாத இராணுவ நீதிமன்றம் சொல்லும். தவறென்று சொன்னால் சிறை அவனுக்கு. மறுக்காமல் சுட்டுவிட்டு, ஆணை சட்டவிரோதம் என்று பிறகு தெரிந்தாலும் பழி அவனுக்கு. இரண்டு பக்கமும் கூர். பிடியோ வேறொருவன் கையில்! 2009 முதல் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இயங்குகிறது. சென்னையிலும் அதன் கிளை உண்டு. இராணுவ நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அங்கே மேல்முறையீடு செய்யலாம். சந்திரசிங்குக்குக் கிடைக்காத வாயில் அது. வரவேற்கிறோம். ஆனால் அது தண்டனைக்குப் பின்னே வரும் மருந்து. ஆணை பிறக்கும் அந்த நொடியில் சிப்பாய்க்குத் துணை எது?

தெளிந்த சட்டம் துணை. குற்றமான ஆணையை மறுப்பது அவன் உரிமை மட்டுமல்ல, கடமை என்று நம் சட்டப் புத்தகத்திலும் பளிச்சென்று எழுதப்பட வேண்டும். எழுதினால் போதாது, பயிற்சிக் களத்திலே, துப்பாக்கியைத் துடைக்கக் கற்றுக் கொடுக்கும் அதே நாளில், எந்த ஆணையை மறுக்க வேண்டும் என்பதையும் கற்றுக் கொடுக்க வேண்டும். இதனால் படை குலைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். பகைவனோடு போரிட மறுக்கும் உரிமையை நாம் கேட்கவில்லை. ஆயுதமில்லாதவனைக் கொல் என்று சொன்னால் மறுக்கும் உரிமையைக் கேட்கிறோம். இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு நம் வீரர்கள் அறிவற்றவர்கள் அல்லர். கார்வால் மலையிலிருந்து வந்த எளிய சிப்பாய்களுக்கு 1930-லேயே தெரிந்திருந்தது.

இளைஞனே, பட்டாளத்துக்கு மட்டும் உரிய செய்தி இது என்று ஏட்டை மூடிவிடாதே. ஆணைகள் பட்டாளத்தில் மட்டுமா பிறக்கின்றன? வீட்டிலே, அலுவலகத்திலே, ஊர்ப் பஞ்சாயத்திலே, கோயில் வாசலிலே, எங்கும் பிறக்கின்றன. 'அவனோடு உண்ணாதே', 'அவளை உள்ளே விடாதே', 'அவர்களை ஊரை விட்டுத் துரத்து' என்று ஆணைகள் வருகின்றன. அங்கே மறுத்தால் 14 ஆண்டு சிறை இல்லை. மரண தண்டனை இல்லை. இருந்தும் எத்தனை பேர் மறுக்கிறோம்?

உயிரைப் பறிக்கும் சட்டம் தலைக்கு மேல் தொங்கிய நிலையில், பெஷாவர் வீதியிலே துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள் சிலர். அவர்களுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதிகள் யார் என்று நாடு கேட்பதில்லை. அந்தச் சிப்பாய்களின் பெயரோ அஞ்சல் தலையில் ஏறியது. கீழ்ப்படிதல் ஒரு பழக்கம். எதற்குக் கீழ்ப்படிவது என்று தெரிந்துகொள்வதே அறிவு.